சின்னம் தேடும் முன் தெருக்குழாயைப் பாருங்கள்

புதிதாகக் கட்சி தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே 234 தொகுதிக்கும் ஆள் தேடுகிறார்கள். இருக்கிற காசும் உழைப்பும் அதிலேயே கரைந்துபோகிறது. ஊராட்சியை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டு தேர்தலும் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. 2019-இல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100. சில நூறு ஓட்டுதான் ஒரு வார்டு. சின்னக் கட்சிக்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

பதவி இல்லாமலும் தொடங்கலாம். 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. உறுப்பினர் இல்லையென்றாலும் குழாயில் தண்ணீர் வந்துதானே ஆக வேண்டும்?

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கலாம். பல இடங்களில் தூளை அப்படியே கொட்டிவிட்டு உடனே திறந்துவிடுகிறார்கள். மூட்டையைப் பிரித்து ஈரத்தில் போட்டு வைத்தால் வீரியம் போய்விடும்; பிறகு எவ்வளவு போட்டாலும் வெறும் சுண்ணாம்புதான். சோதிக்க வேண்டியது தொட்டியடிக் குழாயில் இல்லை, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில். குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்ட வேண்டும். அங்கே குளோரின் 0.2 பிபிஎம்மாவது (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இல்லையென்றால் தண்ணீர் பத்திரமில்லை. இதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் வாராவாரம் எழுதி வைக்கிற கட்சிக்காரரை டேங்க் ஆபரேட்டரும் மதிப்பார், ஊராட்சிச் செயலரும் மதிப்பார்.

கேரளத்தில் கிழக்கம்பலம் ஊராட்சியில் டுவென்டி20 என்ற அமைப்பு 2015-இல் 19 வார்டில் 17-ஐப் பிடித்தது. 2020-இல் நான்கு ஊராட்சி அதன் கைக்கு வந்தது. மறு வருடம் சட்டமன்றத்துக்கு எட்டுத் தொகுதியில் நின்றது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பின்னால் கைடெக்ஸ் என்ற ஆடை கம்பெனியின் பணம் இருந்தது என்பதால் அதை அப்படியே நமக்கு முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன். கம்பெனிப் பணத்தில் வருவது கொடை. ஊராட்சி நிதியில் கேட்டு வாங்குவதுதான் உரிமை.

அந்த உரிமையைக் கேட்கிற இடம் கிராம சபை. 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வர வேண்டும். ஆள் சேர்ப்பதைவிடப் பெரிய சிக்கல் தீர்மானப் புத்தகம். முதலில் கையெழுத்தை வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. எழுதியதைச் சபையிலேயே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்து, பிறகு போட்டோ. "தெருவிளக்கு வேண்டும்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. எந்தத் தெரு, எந்தக் கம்பம், கம்பத்தின் எண் என்ன என்று எழுத வேண்டும். வரவு செலவுக்குப் படிவம் 30 இருக்கிறது. அதையும் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சபையில் முதல் ஆளாக எழுந்து, போன சபைத் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று கேளுங்கள். புதுக் கோரிக்கையெல்லாம் அதற்குப் பிறகு.