செருப்புக்குள் நுழையாத கால்

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு 4 மணி நேரம். அங்கே 6 மணி நேரம் காத்திருப்பு. பிறகு நியூயார்க்குக்கு 14 மணி நேரம். எழுபது வயது அம்மாவை எகானமி வகுப்பில் அழைத்துப் போனதிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

போயிங் 777 விமானம் 1995-ல் பயணிகள் சேவைக்கு வந்தபோது, பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு 9 இருக்கைகள்தான் போட்டன. இன்று பெரும்பாலும் அதே அகலத்துக்குள் 10. அந்தப் பத்தாவது இருக்கைக்கான இடத்தை நம் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தானே பிடுங்கியிருக்கிறார்கள்! முன்னால் இருப்பவர் சாய்ந்தால் சாப்பாட்டுத் தட்டு நெஞ்சில் இடிக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் முதுகு வலிக்காதா?

இடையில் இறங்கிய இடத்தில், இரவு இரண்டு மணிக்குச் சற்றுக் கால் நீட்டலாமென்றால் ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவே இரும்புக் கைப்பிடி. அம்மா உட்கார்ந்தபடியே தூங்கினார்.

நியூயார்க்கில் இறங்கும்போது அவருடைய கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. குதிகாலை வெளியே விட்டு, செருப்பை இழுத்து இழுத்து நடந்தார். வழியெல்லாம் தண்ணீரே குடிக்கவில்லையாம். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஓரத்தில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமே என்று தொண்டை காய்ந்தே வந்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த என்னிடமும் சொல்லவில்லை.