ஷூ சைஸ் சொல்லுங்கள் சார்

(மாலின் மூன்றாவது மாடி, பவுலிங் கவுன்ட்டர். பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். ஷூவுக்காக நின்றிருந்தேன். கவுன்ட்டர் தம்பியின் ஒரு கையில் ஸ்ப்ரே, மறு கையில் யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஏழாம் நம்பர் ஷூ. அதனால் போன் ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் யாரோ ஒரு பையனின் அப்பா.)

அப்பா: பவுலிங் கோச்சிங் என்று போர்டில் பார்த்தேன் தம்பி. ஸ்பின் சொல்லித் தருவீர்களா?

தம்பி: தருவோம் சார். ஞாயிறு காலை. ஷூ சைஸ் சொல்லுங்கள்.

அப்பா: எனக்கு இல்லை, பையனுக்கு. பன்னிரண்டு வயது. பந்து திரும்பவே மாட்டேன் என்கிறது. இரண்டு வருடமாக ஒரு அகாடமியில் பணம் கட்டி அழுகிறேன்.

தம்பி: முதலில் எல்லாருக்கும் நேராகத்தான் போகும் சார். சிலருக்கு ஓரத்தில் போய் விழும்.

அப்பா: அதேதான்! லெக் சைடில். எனக்கென்னவோ அவன் காலில்தான் கோளாறு என்று சந்தேகம். ஃபுட்வொர்க்.

தம்பி: பாதிப் பேருக்கு அதுதான் சார். எல்லாரும் கையையே பார்க்கிறார்கள். மொத்தம் நான்கு நடை. முதல் நடையில் வலது காலும் பந்தும் சேர்ந்து கிளம்ப வேண்டும். கால் முந்திக்கொண்டால் பந்து பின்னாலேயே தங்கிவிடும். கடைசியில் தோளால் இழுத்து வீசுவார்கள்.

அப்பா: ஓடி வர வேண்டாமா?

தம்பி: ஓடவே கூடாது.

அப்பா: பார்த்தீர்களா! ஸ்பின்னர் ஷேன் வார்ன் நடந்துதானே வருவார்? இதை அந்த கோச்சிடம் சொன்னால், 'சார், நீங்கள் வலைக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள்' என்கிறார். நானும் அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னேன்.

(ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மைதானத்து வலைக்குப் பின்னாலும் இவர் நிற்பார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். பையன் குடிப்பதற்கு அல்ல, நீட்டி நீட்டிக் காட்டுவதற்கு.)

அப்பா: மூன்று மாதமாகப் பந்தையே கையில் தருவதில்லை தம்பி. ஸ்டம்புக்குப் பின்னால் குந்த வைத்திருக்கிறார்கள். ஏதோ தண்டனை.

தம்பி: (ஸ்ப்ரேயை நிறுத்தி) எங்கே குந்த வைத்திருக்கிறார்கள் சார்?

அப்பா: அதை விடுங்கள். நாலாவது நடைக்கு வாருங்கள்.

தம்பி: நாலாவதில் இடது கால் வழுக்கிக்கொண்டே போய், கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அப்பா: வழுக்கியா? வழுக்கக் கூடாது என்றுதானே நாலாயிரம் ரூபாய்க்கு ஸ்பைக்ஸ் வாங்கினேன்!

தம்பி: அதைப் போட்டுக்கொண்டு இங்கே ஏறினால் எங்கள் மேனேஜர் மயங்கி விழுந்துவிடுவார். எங்கள் ஷூ அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். அதனால்தான் சைஸ் கேட்கிறேன்.

அப்பா: கோட்டைத் தாண்டினால் நோபால்தானே?

தம்பி: ஃபவுல் சார். எத்தனை விழுந்தாலும் கணக்கில் வராது.

அப்பா: ஃப்ரீ ஹிட் உண்டா?

தம்பி: யாரை அடிக்க சார்?

அப்பா: சரி, பிட்ச் எப்படி?

தம்பி: 60 அடி.

அப்பா: 22 கஜம் என்றால் 66 அல்லவா? மீதி ஆறு அடியை மால்காரன் பாப்கார்ன் கடைக்கு விட்டுவிட்டானா?

தம்பி: உலகம் முழுக்க 60தான் சார். அதில் முதல் 40 அடிக்கு எண்ணெய் போட்டிருப்போம். பந்து அது மேல் சறுக்கிக்கொண்டே போகும். கடைசி 20 அடி காய்ந்திருக்கும். அங்கேதான் பிடித்துத் திரும்பும்.

அப்பா: பனி விழுந்த மாதிரி ஆரம்பித்து சேப்பாக்கம் மாதிரி முடிகிறது! யார் தம்பி உங்கள் கியூரேட்டர்?

தம்பி: மெஷின் சார். காலையில் ஒரு தடவை ஓட விடுவோம்.

அப்பா: எங்கே குறி வைக்க வேண்டும்?

தம்பி: ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

அப்பா: நடு ஸ்டம்ப்! இதைத்தானே நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

தம்பி: ஒரு 6 டிகிரி சாய்வில் நுழைந்தால் பத்தும் விழ வாய்ப்பு இருக்கிறது.

அப்பா: பத்துமா?

தம்பி: ஒரே பந்தில்.

அப்பா: தம்பி, 1999இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக கும்ப்ளே பத்து விக்கெட் எடுத்தார். அதற்கே 26.3 ஓவர் ஆயிற்று.

தம்பி: நேற்று இங்கே ஒரு பாட்டி எடுத்தார்கள் சார். பேரன் பிறந்தநாளுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஷூ சைஸ் நாலு. உங்கள் பையனுக்கு?

அப்பா: வருகிறேன், வருகிறேன். விரலைச் சொல்லுங்கள். சொடுக்குப் பந்து உண்டா? நடு விரலால் கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. அஷ்வின் போடுவாரே.

தம்பி: சொடுக்கெல்லாம் வேண்டாம். கையை மேலே வைத்து அழுத்தக் கூடாது, பந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கை குலுக்குகிற மாதிரி. விடும்போது கட்டை விரல் முதலில் வெளியே வரும். நடு விரலும் மோதிர விரலும் ஒரு நொடி உள்ளேயே இருந்து தூக்கிவிடும். சுழற்சி அதில்தான் வருகிறது.

அப்பா: எதற்கு உள்ளே?

தம்பி: ஓட்டைக்கு உள்ளே.

அப்பா: பந்தில் ஓட்டையா! 2018இல் கேப் டவுனில் உப்புத்தாள் தேய்த்ததற்கே ஆஸ்திரேலியக் கேப்டனை ஒரு வருடம் வெளியே வைத்தார்கள் தம்பி!

தம்பி: மூன்று ஓட்டை சார். பையனுக்கு எட்டு பவுண்டுப் பந்து போதும். மூன்றரைக் கிலோ.

(அந்தப் பக்கத்தில் ஒரு குக்கர் விசில் முழுதாகக் கேட்டது.)

அப்பா: இது கிரிக்கெட் இல்லையா?

தம்பி: பாட்டி வந்தார்கள் என்றேனே சார்.

அப்பா: ஸ்பின் உண்டுதானே?

தம்பி: உண்டு.

அப்பா: ஃபுட்வொர்க்?

தம்பி: அதுவும் உண்டு.

அப்பா: அப்புறம் என்ன? சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி: ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வாடகைப் பந்து பிளாஸ்டிக். அவ்வளவாகத் திரும்பாது. நன்றாகத் திரும்ப வேண்டும் என்றால் ரெசின் பந்து வாங்கி, அவன் விரலுக்கு அளவெடுத்து ஓட்டை போட வேண்டும்.

அப்பா: பன்னிரண்டு வயது. விரல் வளருமே?

தம்பி: பழைய ஓட்டையை அடைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

அப்பா: பள்ளிக்கூட பேண்ட்டை மடிப்புப் பிரித்து விடுகிற மாதிரி. நல்லது. சர்டிபிகேட் தருவீர்களா?

தம்பி: எதற்கு சார்?

அப்பா: அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே. கிரிக்கெட்டில் சந்துக்குச் சந்து ஸ்பின்னர். இதில் கூட்டம் குறைவாக இருக்கும் போலிருக்கிறது.

தம்பி: என்னிடம் கபடி சர்டிபிகேட் இருக்கிறது சார். மாவட்ட அளவு. அம்மா லேமினேட் பண்ணி பீரோவில் வைத்திருக்கிறார்கள். நான் இங்கே ஷூவுக்குள் ஸ்ப்ரே அடிக்கிறேன்.

அப்பா: கபடியில் ஸ்பின் இல்லையே தம்பி.

(தம்பி என்னைப் பார்த்தார். நான் ஷூ நாடாவைப் பார்த்தேன்.)

தம்பி: ஷூ சைஸ் சார்.

அப்பா: அதைத்தான் யோசிக்கிறேன். நாலு இருக்கும். இல்லை, ஐந்தா? போன தீபாவளிக்கு வாங்கினோம்... அது அவன் அம்மா கூட்டிக்கொண்டு போனது.

தம்பி: கும்ப்ளே ஓவரைப் புள்ளி மூன்றோடு சொன்னீர்களே சார்.

அப்பா: அது ரெக்கார்டு தம்பி. இருங்கள், கேட்கிறேன். டேய்! உன் ஷூ சைஸ் என்னடா?

உள்ளிருந்து ஒரு குரல்: எதுக்குப்பா?

அப்பா: ஸ்பின் பவுலிங்குக்கு.

குரல்: நான் கீப்பர்ப்பா.

அப்பா: எத்தனை நாளாக?

குரல்: மூணு மாசமா. க்ளவுஸ் வாங்க உங்ககிட்டதானே காசு வாங்கினேன்?

(இன்னொரு விசில்.)

அப்பா: தம்பி, லைனில் இருக்கிறீர்களா? உங்களிடம் விக்கெட் கீப்பிங் கோச்சிங் உண்டா?

தம்பி: பந்தை எடுத்துத் திருப்பி அனுப்புவதற்கும் இங்கே மெஷின்தான் சார். சைஸ் சொல்லுங்கள்.