அண்ணன் சத்தமில்லாமல் கிடந்த மாதங்கள்

என் அண்ணனுக்கு இருமுனைய மனநோய் இருப்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மனநிலை ஒரு காலம் அளவுமீறிய எழுச்சிக்கும் இன்னொரு காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய் அது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது அந்த நோயின் ஒரு முனை மட்டுமே. 2009ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவர் நான்கு இரவுகள் தூங்காமல், கையில் காசில்லாத நிலையிலும் வட்டிக்கு வாங்கி மூன்று மனைகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் தெருக்காரர்களை எழுப்பித் தன் திட்டங்களை விளக்கியதை இன்றும் கல்யாண வீடுகளில் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதங்கள் அவர் பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது ஒருவருக்கும் நினைவில்லை. "இப்பத் தெளிஞ்சிட்டான், சாதுவா இருக்கான்" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கடன்காரர்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த அந்தச் சமயத்தில், அவர் பேசாமல் இருந்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இந்த நோய் உள்ளவர்களின் வாழ்க்கையில் அதிகக் காலத்தை எடுத்துக்கொள்வது எழுச்சி அல்ல, சோர்வுதான். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முழு அளவிலான எழுச்சி வரும் முதல் வகை இருமுனைய நோய் கொண்ட 146 பேரைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாரங்களைச் சோர்வில் கழித்திருந்தார்கள். எழுச்சியில் கழிந்த வாரங்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊர் பேசுவது அந்தச் சிறு பங்கைப் பற்றி. வீடு சுமக்க வேண்டியது மற்றதை.

2008இல், முதல் முறை சோர்வு வந்தபோது, ஒரு மருத்துவர் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார். இருமுனைய நோய் உள்ள சிலரை, மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து இல்லாமல் தனியாகக் கொடுக்கப்படும் அந்த மாத்திரை மறுமுனைக்குத் தள்ளிவிடக்கூடும். இதற்கு முன் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த காலம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அண்ணன் மூன்று வாரங்கள் இரவெல்லாம் படித்து, பகலெல்லாம் பேசி, பாதி நாள் சாப்பிடாமல் திரிந்ததை நாங்களும் சொல்லவில்லை. அது நோய் என்று எங்களுக்குத் தெரியாது. அதைப் பெருமையாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். மருத்துவரிடம் உடன் போகிறவர் எடுத்துச் செல்ல வேண்டியது மருத்துவச் சீட்டுகளையும் பணத்தையும் மட்டுமல்ல, இப்படிப்பட்ட பழைய நினைவுகளையும்தான்.

சோர்வில் கிடப்பவரிடம் நாங்கள் சொன்னவற்றை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. "எழுந்து குளி", "நாலு இடத்துக்குப் போயிட்டு வா", "உனக்கு என்ன குறை?" குளிப்பதற்கு எழுவதே மலையாகத் தெரிகிறவரிடம் நாலு இடத்துக்குப் போகச் சொன்னோம். உபயோகப்பட்டது அம்மா செய்த ஒரு காரியம். அவர் அந்த அறையிலேயே உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தார். எதுவும் கேட்க மாட்டார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அண்ணன் கை நீட்டி இரண்டு பூண்டை எடுத்து உரித்தார். மருந்துக்கு ஈடாக இதைச் சொல்லவில்லை. மருந்து வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும், அதுவரை மனிதர் பக்கத்தில் மனிதர் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் நேரடியாகக் கேட்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்து, நான் மாதக்கணக்கில் கேட்கவில்லை. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. நான் கேட்ட அன்று அண்ணன் வெகுநேரம் அழுதார்; பிறகு, மாட்டுத் தொழுவத்தில் பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது என்பதை அவரே சொன்னார். அன்றே அதை அப்புறப்படுத்தினோம். இப்போது 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எந்த நேரமும் தமிழிலேயே கிடைக்கிறது. எங்களுக்கு அப்போது அப்படியொன்று இல்லை.

2010 முதல் அவர் மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் சாப்பிடுகிறார். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதிய கட்டுரையால் மனநோய்ச் சிகிச்சைக்குள் வந்த, விலை குறைந்த, பழைய மருந்து. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது என்பதால், கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது இது: அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்று சமையலில் உப்பைத் திடீரெனக் குறைத்தோம். சித்திரை வெயில் வேறு. முழங்கால் வலிக்கு அண்ணன் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். உப்புக் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஆகிய மூன்றுமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை நடுங்கி, வயிற்றுப்போக்காகி, நடை தள்ளாடியபோது வெயிலின் கோளாறு என்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். மருத்துவமனைக்குப் போனதும் முதலில் லித்தியத்தை நிறுத்தினார்கள். உப்பைப் பற்றி யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நன்றாக இருக்கும் நாட்களில்தான் மோசமான நாட்களுக்கான ஏற்பாட்டைப் பேச முடியும். தனக்கு எப்படிச் சிகிச்சை தரலாம், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவு சொல்லலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. தொடர்ந்து இரண்டு இரவுகள் தூங்காவிட்டால் வங்கி அட்டையை என்னிடம் தந்துவிடுவது என்பதும் அவரே போட்ட விதிதான்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு நான் செய்யும் தவறு வேறு. போன தீபாவளிக்கு அத்தான் சொன்ன ஏதோ நகைச்சுவைக்கு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லோரும் போன பிறகு, "நான் சிரிச்சாலே நீ மாத்திரை டப்பாவைப் பாக்குறடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷத்துக்கும் எழுச்சிக்கும் வேறுபாடு தூக்கத்தில் தெரியும், ஒரு சிரிப்பில் தெரியாது என்று மருத்துவர் எனக்கு விளக்கியிருக்கிறார். அன்றிரவு அண்ணன் ஏழு மணி நேரம் தூங்கினார். ஆனாலும் அவர் சத்தமாகச் சிரிக்கும்போது என் கண் இன்னமும் அலமாரிப் பக்கம்தான் போகிறது. அது போவதை அவரும் பார்க்கிறார்.