வரி வசூல் வந்தது, மனம் மாறவில்லை

ஆயுதக் குழுக்கள் ஆட்சிக்கு வந்தால் பொறுப்பே அவர்களை மிதவாதிகளாக்கிவிடும் என்கிறார், அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். போச்சம்பள்ளிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு என்று மனுக்கள் குவிந்தால் எந்தக் கொம்பனும் குமாஸ்தாவாகத்தான் வேண்டும். அந்த மட்டில் சரி.

ஆனால் ஆப்கானிஸ்தானின் தாலிபான்களைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் காபூலைப் பிடிக்கும் முன்பே லாரிக்காரர்களிடம் வரி வாங்கி ரசீதும் கொடுத்தவர்கள் அவர்கள். (நம் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) 2022 ஏப்ரலில் அபின் எடுக்கும் கசகசாச் சாகுபடியைத் தடை செய்து, அடுத்த ஆண்டே பெருமளவு குறைத்தும் காட்டினார்கள். நிர்வாகம் தெரியாமல் இல்லை. இருந்தும் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 மார்ச்சில் பள்ளி திறந்த அன்றே, பையை மாட்டிக்கொண்டு வந்த மாணவிகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்களே! காபூல் அமைச்சர்கள் சிலருக்கே இதில் உடன்பாடில்லையாம். உத்தரவு காந்தஹாரில் இருக்கும் தாலிபான் தலைவர் அகுந்த்சாதாவிடமிருந்து வருகிறது.

சிரியாவில், துருக்கி எல்லையை ஒட்டிய இத்லிப் மாகாணம் வேறு கதை. 2016இல் அல்காய்தா உறவை முறித்துக்கொண்டதாக அறிவித்த ஆயுதக் குழு (பின்னாளில் ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாம்), துருக்கியிலிருந்து மின்சாரம் வாங்கி ஊரை நடத்தி, 2024 டிசம்பரில் தலைநகர் டமாஸ்கஸ் வரை வந்தது. துருக்கியின் தயவும் எல்லை வணிகமும் இல்லாவிட்டால் மிதவாதத்தின் பக்கம் இவ்வளவு வளைந்திருப்பார்களா? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.