சிங்கர் தேவை

அத்தை: எட்டு வருடம் பனியன் கம்பெனியில் பையர் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக ஏசி ரூமில் உட்கார்ந்துவிட்டு, சிங்கருக்கா போகிறாய்?

அம்மிணி: ஆமாங்க அத்தை. வேலையை விட்டாயிற்று.

அத்தை: போவதுதான் போகிறாய், பேட்லாக் மெஷினுக்குப் போ கண்ணு. கூலியாவது கூட வரும்.

அம்மிணி: அந்தத் தையல் மெஷின் சிங்கர் இல்லைங்க. பாடுகிற சிங்கர்.

அத்தை: அதைப் பாட்டுக்காரி என்று சொல்லியிருக்கலாமே. திருப்பூரில் சுவருக்குச் சுவர் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எவள் பாட வந்தாள்?

அம்மிணி: பாடுவது மட்டும் இல்லை, டிராக்கும் நானே போடுகிறேன்.

அத்தை: டிராக் பேண்ட் நல்ல ஐட்டம். எலாஸ்டிக்கா, நாடாவா?

அம்மிணி: இசைங்க அத்தை, இசை! லேப்டாப்பில் சாம்பிள் எடுத்து, லூப் போட்டு...

அத்தை: லூப் நிட் துணியா? கனம் எத்தனை ஜிஎஸ்எம்?

அம்மிணி: அத்தை!

அத்தை: சரி, கத்தாதே. சாம்பிள் எடுக்கிறேன் என்கிறாயே, பையர் யார்?

அம்மிணி: பையரே கிடையாது. அதுதானே சந்தோஷம்.

அத்தை: உங்கள் மாமாவும் அப்படித்தான் சந்தோஷமாக யூனிட்டை மூடினார்.

அம்மிணி: உங்களுக்குப் புரியாதுங்க. எட்டு வருடம் ஃபேஷனில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நிறம்கூட நான் தேர்ந்தெடுத்தது இல்லை. ஒரு கறுப்புக்கு ஐந்து லேப் டிப், அதாவது சாயம் போட்ட துண்டுத் துணி, அனுப்பினேன். "இன்னும் கொஞ்சம் கறுப்பாக" என்று மெயில் வந்தது. இங்கே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் ஹூடித் துணியைக் கன்னத்தில் வைத்து, குளிருக்குத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் மாட்டிக்கொள்வது எக்ஸ்போர்ட் மிச்சம். முதுகில் ஏதோ ஒரு ஊர்ப் பெயர், அது எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அத்தை: அந்த ஆத்திரத்தில்தான் இன்றைக்கு இதைப் போட்டிருக்கிறாயா?

அம்மிணி: இது என் ஸ்டைல். அப்பாவின் பழைய சட்டை. கை மட்டும் உங்கள் சுங்குடிச் சேலை.

அத்தை: எந்தச் சேலை?

அம்மிணி: பரணில் கிடந்தது.

அத்தை: கிடக்கவில்லை, வைத்திருந்தேன். இங்கே காட்டு. இடது கை ஒரு அங்குலம் நீளம்.

அம்மிணி: வேண்டுமென்றே வைத்ததுங்க.

அத்தை: காதர்பேட்டைக் கடைகளில் இதற்குப் பெயர் செகண்ட்ஸ், கழித்துக் கட்டிய பீஸ். நான் தைத்த லைனில் இப்படி ஒரு பீஸ் வந்திருந்தால், செக்கிங்கில் தூக்கி முகத்தில் எறிந்திருப்பார்கள். அப்போது "என் ஸ்டைல்" என்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

(டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். நான் அத்தை கட்சி.)

அம்மிணி: சிங்கர் மெஷின் யாருடையது தெரியுங்களா? ஐசக் சிங்கர். 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் அவர் நாடக நடிகர்!

அத்தை: பார், மேடையை விட்டு மெஷினுக்கு வந்தார், பிழைத்துக்கொண்டார். நீ ரிவர்ஸில் போகிறாய்.

அம்மிணி: இதிலும் காசு வரும். கேட்கக் கேட்க வரும்.

அத்தை: பீஸ் ரேட் எவ்வளவு?

அம்மிணி: பைசாக் கணக்குதான். ஸ்பாட்டிஃபையில் 2024இலிருந்து, ஒரு பாட்டை ஒரு வருடத்தில் 1000 தடவையாவது கேட்டிருந்தால்தான் கணக்கே ஆரம்பம்.

அத்தை: மினிமம் ஆர்டர் 1000 பீஸா! 999 ஓட்டினால்?

அம்மிணி: ஒன்றும் வராது.

அத்தை: நம் காண்டிராக்டர் தெய்வம்.

அம்மிணி: இதை மட்டும் கேளுங்க. (போனை நீட்டுகிறாள். கடகடகடவென்று ஒரு சத்தம், மேலே லேசாகக் கீபோர்டு.)

அத்தை: இது என் ஓவர்லாக் மெஷின் இல்லையா?

அம்மிணி: போன மாதம் நீங்கள் ஜாப் ஒர்க் தைக்கும்போது பதிவு பண்ணினேன். அந்தத் தாளத்தில் ஒரு ஆன்மா இருக்குதுங்க அத்தை.

அத்தை: கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அந்த ஆன்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வலது காது மந்தம். உனக்குப் பிடிக்கவில்லை, எட்டாவது வருடம் எழுந்து வந்துவிட்டாய். நல்லது. நான் பாத்ரூமுக்கு எழுந்திருக்கவே சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும்.

(அம்மிணி டீயை ஆற்றுகிறாள். ஏற்கெனவே ஆறின டீ.)

அத்தை: சரி, மூஞ்சியைத் தூக்காதே. இன்னொரு தடவை போடு. இந்தக் காதுப் பக்கம்.

(கேட்கிறார்.)

அத்தை: நூல் அறுந்துவிட்டது.

அம்மிணி: எங்கேங்க?

அத்தை: நடுவில் சத்தம் மாறுகிறது பார். லூப்பரில் நூல் அறுந்து மெஷின் சும்மா ஓடுகிறது. தையலே விழவில்லை.

அம்மிணி: அத்தை, அந்த இடம்தான் கோரஸ்.

அத்தை: பிரித்துத் தை.