டயானாவின் சக்தியைப் பறிப்பது புது யோசனை இல்லை

தம்பி, "வொண்டர் வுமனை இதுவரை ஒருவரும் நவீனமாக்கிப் பார்க்கவில்லை, சக்தியை எடுத்துச் சாதாரணப் பெண்ணாக்கினால் இன்றைய பிள்ளைகள் வாசிப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. வொண்டர் வுமனின் சொந்தப் பெயர் டயானா. 1941இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் அறிமுகமான அவளுக்கு 1968இலேயே அதைச் செய்துவிட்டார்கள். சக்திகளைக் கைவிட்டாள், வெள்ளை உடுப்போடு தற்காப்புக் கலை பழகினாள், நகரத்தில் துணிக்கடையும் நடத்தினாள். பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமுக்கு அது பிடிக்கவில்லை. 1972இல் அவருடைய 'மிஸ்' சஞ்சிகையின் அட்டையில் பழைய உடுப்போடு, பழைய பலத்தோடு டயானா நின்றாள். 1973இல் கதையிலும் சக்திகள் திரும்பி வந்தன.

உடுப்பு வேறு விஷயம். 2010இல் நீளக் காற்சட்டையும் ஜாக்கெட்டும் போட்டு வந்தாள், சரி, அதில் எனக்குக் குறை இல்லை.

கிளிநொச்சியில் பதினொரு வயதுப் பெறாமகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் டயானாவை வரைந்தாள். குட்டை உடுப்பை அழித்துவிட்டுக் காற்சட்டை போட்டாள், முழங்காலில் செம்மண் கறைகூட வைத்தாள். உண்மையைச் சொல்ல வைக்கும் அவளுடைய கயிற்றிலும், துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் இரண்டு காப்புகளிலும் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது இல்லாட்டி அவள் டயானாவே இல்லை, சித்தப்பா" என்றாள்.