புனித மலாக்கி "கடைசித் திருத்தந்தை" பற்றி எழுதினாரா?

2025 ஏப்ரலில் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் மறைந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: 12ஆம் நூற்றாண்டு அயர்லாந்துப் புனிதர் மலாக்கி வருங்காலத் திருத்தந்தையர் 112 பேரைப் பட்டியலிட்டார், பிரான்சிஸே கடைசி, அடுத்து உலக முடிவு. இது பொய்.

மலாக்கி 1148 நவம்பர் 2 அன்று பிரான்சின் கிளேர்வோ மடத்தில் இறந்தார். அப்போது அருகிலிருந்த அந்த மடத்தின் தலைவர் புனித பெர்னார்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதினார். தாம் எந்த நாளில், எங்கே இறக்க விரும்புவதாக மலாக்கி முன்பே சொன்னார் என்பதைக்கூட அவர் விடவில்லை. திருத்தந்தையர் பட்டியலைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் பெர்னார்து மறைத்திருப்பாரா?

பட்டியல் முதன்முதலில் அச்சேறியது 1595இல், வெனிசில், ஆர்னால்டு வியோன் என்ற பெனடிக்ட் சபைத் துறவியின் நூலில். மலாக்கி இறந்து நானூற்று நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து! 1590 வரையிலான திருத்தந்தையருக்கு, ஒவ்வொருவரையும் பற்றி அது தரும் சிறு குறிப்புகள் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. அதன்பின் யாருக்கு வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். நடந்து முடிந்ததைப் பார்த்து எழுதியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

பட்டியலின் இறுதியில் வருபவர் "ரோமானியரான பேதுரு". பிரான்சிஸ் பிறந்ததோ ரோமில் அல்ல, அர்ஜென்டினாவின் புவேனஸ் ஐரிஸில். 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்வாகி, திருச்சபை வழக்கம்போல நடக்கிறது.

உண்மையான மலாக்கி வேறு. அயர்லாந்தின் பாங்கர் மடத்தை மீட்டெழுப்பிய துறவி. அந்நாட்டின் அர்மா நகரப் பேராயரானபோது அந்தப் பதவியைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருந்த குடும்பத்தின் எதிர்ப்பைத் தாங்கினார். நிலைமை சீரானதும் பதவியைத் துறந்து சிறிய மறைமாவட்டத்துக்குப் போய்விட்டார். 1190இல் புனிதர் பட்டம் பெற்றதற்குக் காரணம் இந்த வாழ்க்கையே.